ஆறு பத்து விருந்தாளி

சிப்பிமுனையில் காலை ஆறு பத்துக்கு நாற்பத்து மூன்று பேருடைய கண்கள் வாடகைக்குப் போய்விடும். ஏழு பத்துக்குத் திரும்பி வரும். இடைப்பட்ட அந்த ஒரு மணி நேரமும் நாற்பத்து மூன்று பேரும் முகம் கழுவி, தலை வாரி, அவரவருக்குக் குறித்துக் கொடுத்த கல்லின்மேல் நின்று கடலைப் பார்ப்பார்கள். தும்மக் கூடாது. கண் கலங்கக் கூடாது. பக்கத்துக் கல்லில் நிற்பவள் புதுத் தோடு போட்டிருக்கிறாள் என்று காற்றுவாக்கில் தெரிந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. மற்ற விதிகளெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். இந்தக் கடைசி விதி பழக மட்டும் ஊருக்கு ஒரு வருடம் பிடித்தது.

பதினேழாவது கல் விண்ணரசியுடையது. வயது நாற்பத்தொன்று. இருபத்தெட்டாவது வயதில் விழித்திரை நோய் வந்து, ஆறே மாதத்தில் அவளுக்கு உலகம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. கணவன் கஸ்பார் அவளை மூன்று வருடம் எந்தெந்த ஊருக்கோ கூட்டிக்கொண்டு அலைந்தான். எல்லா மருத்துவர்களும் ஒன்றையேதான் சொன்னார்கள்: இரவல்விழி வைத்தால் பார்வை வரும், ஆனால் அதை விலை கொடுத்து வாங்க உங்களால் ஆகாது. அப்போதுதான் தொலைக்கண் நிறுவனம் ஊருக்குள் வந்தது. விழியை நாங்கள் இலவசமாக வைக்கிறோம், தினம் ஒரு மணி நேரம் மட்டும் அது எங்களுடையது என்றது. விண்ணரசி கைநாட்டு வைக்கக்கூட இடம் தெரியாமல் தடவிப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாள்.

இரவல்விழி என்பது கண்ணுக்குள் பொருத்துகிற ஒரு மெல்லிய வில்லை. அது காண்பதை விண்ணரசியும் காண்பாள். ஆறு பத்திலிருந்து ஏழு பத்து வரைக்கும் எங்கோ தொலைவில் நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஒருவரும் காண்பார். அவர் காதுக்குப் பின்னால் ஓர் ஏற்பி ஒட்டியிருக்கும். கண்ணை மூடினால் போதும், பக்கத்துச் சத்தமெல்லாம் அடங்கிக் கடல் வந்துவிடும். நட்சத்திரம் போடவும் கருத்து எழுதவும் மனதில் நினைத்தாலே போதும். நிறுவனம் அவரை விருந்தாளி என்று சொல்லும். விருந்தாளியும் விழி கொடுப்பவரும் பேசிக்கொள்ள முடியாது. பேசினாலும் அந்தக் குரலை அழித்து, அந்த இடத்தில் அலையோசையை நிரப்பிவிடுவார்கள். காட்சியும் அரை நிமிடம் தாமதித்துத்தான் போய்ச் சேரும். அதற்குள் வண்ணத்தைத் திருத்தி, காக்கைகளை அகற்றி, ஒப்பந்தத்தில் இல்லாத மனிதர் யாராவது குறுக்கே வந்தால் அவருக்கு யாருடையதும் அல்லாத ஒரு மாற்றுமுகத்தைப் பொருத்தி அனுப்புவார்கள். அந்தரங்கச் சட்டம் அப்படி.

இது என்ன கூத்து என்று தோன்றலாம். ஆனால் அதற்கு முன் நடந்த கூத்தைச் சிப்பிமுனை மறக்கவில்லை. விண்ணரசி சிறுமியாக இருந்தபோது சுற்றுலாப் பயணிகள் ஆளாகவே வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு விடுதி, விடுதிக்கு மதில், மதிலுக்குக் காவலாளி. கடலுக்குப் போகிற பாதை ஒரு நீச்சல் குளத்துக்கு அடியில் புதைந்துபோனது. கடல் பக்கத்தில் இருக்கும்போது நீச்சல் குளம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, கடலில் மணல் இருக்கிறது என்று பதில் வந்தது. மீன்பிடி வள்ளத்தைக் கரையேற்ற இடமில்லாமல் கஸ்பாரின் அப்பா அதை விற்றுவிட்டு, அதே விடுதியில் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். பிறகு தொடாச் சுற்றுலாச் சட்டம் வந்தது. விடுதிகளை இடித்து அள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது வருடத்துக்குப் பத்தே பத்து பேர்தான் நேரில் வரலாம். கரை கரையாயிற்று, ஆமைகள் திரும்ப வந்தன, வள்ளங்களும் வந்தன. என்ன, நீல வள்ளங்கள் இடப்பக்கமும் சிவப்பு வள்ளங்கள் வலப்பக்கமும் நிற்க வேண்டும். கடலோரக் கொடியில் நைட்டி காயப்போடக் கூடாது. ஆஸ்பத்திரியும் நல்ல தண்ணீரும் கிடைத்த பிறகு நைட்டியை எங்கே காயப்போட்டால் என்ன என்று ஊர் சமாதானமாகிவிட்டது. விண்ணரசிக்கு இதில் சமாதானம்கூடத் தேவைப்படவில்லை. கண் தெரிந்த முதல் நாள் அவள் கஸ்பாரின் முகத்தைப் பார்த்து, "இவ்வளவு நரைச்சிட்டியளா?" என்று கேட்டு அழுதவள். அந்த நன்றியில் ஒரு பொட்டுக்கூட இன்னும் குறையவில்லை.

அந்த நன்றிக்கு ஓர் எண்ணும் உண்டு. 7714. ஒன்பது வருடமாக அவளுடைய ஆறு பத்து விருந்தாளி அதே ஆள்தான். மழை, புயல், மேகமூட்டம் எதற்கும் தவறாமல் ஐந்து நட்சத்திரம் போட்டு, ஒரே வரி எழுதுவார்: 'இன்றும் நன்றாக இருந்தது. நன்றி.' ஐப்பசியில் கடல் சாம்பல் பூத்துக் கிடந்தபோதும் அதே வரி.

அவர் ஊருக்குப் போயிருந்த நாட்களில் வந்த மாற்று விருந்தாளிகள்தான் கழுத்தறுத்தார்கள். கடல் மங்கல் என்று ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டார். கஸ்பார் பல் விளக்கிக்கொண்டே குறுக்கே போனதற்கு இன்னொருவர் ஒன்று போட்டார். அந்தக் கஸ்பார் சம்பவத்துக்குப் பிறகுதான் நிறுவனம் கரைக்கு ஓர் ஏவல் இயந்திரத்தை அனுப்பியது. காட்சிக்குக் குறுக்கே யாராவது நிற்பதாகப் புகார் வந்தால், அது வந்து முழங்கையை மெல்லப் பிடித்து, ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இன்று ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள். வருடக் கணக்கு காலை ஏழு பத்துக்கு முடியும். விண்ணரசியின் சராசரி நூலிழையில் நிற்கிறது. இன்று ஐந்து கிடைத்தால் விழி இன்னும் ஒரு வருடம் அவளுடையது. ஒன்று குறைந்தாலும் நண்பகலில் அதை நிறுத்திவிடுவார்கள். பழையபடி கன்னங்கரேல்தான்.

அந்த நாளில்தான், நான்கு வருடம் வரிசையில் காத்திருந்து நேர்வருகை அனுமதி வாங்கிக்கொண்டு, 7714 நேரிலேயே வந்து இறங்கினார்.

விடிகாலையில் வண்டியிலிருந்து இறங்கிய மனிதருக்கு அறுபது வயது இருக்கும். கையில் ஒரு தூக்குவாளி. பதினேழாவது கல்லருகே நின்ற விண்ணரசியைக் கண்டதும் அதைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"உங்க 7714 நாந்தானுங்க. எம்பேரு சென்னியப்பனுங்க. கோயமுத்தூருங்க. எம்பத்து நாலாவது மாடி. இது கச்சாயமுங்க, வெல்லம் போட்ட பலகாரம், ஊட்ல செஞ்சு குடுத்தாங்க" என்றார். பிறகு கும்பிட்ட கையை இறக்காமலே சொன்னார். "எம்பையன் செத்துப்போன அந்த வருசத்துல இருந்து, ஒம்பது வருசமா, உங்க கண்ணுலதாம்மா விடியுது எனக்கு. அது இல்லீனா நானும் போயிருப்பனுங்க. அதைய நேர்ல சொல்லோணும்னுதான் வந்தேன்."

விண்ணரசி தூக்குவாளியை எடுத்துக் கல்லோரம் வைத்தாள். தானும் இதையேதான் அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒன்பது வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதை அவர் முந்திக்கொண்டு சொன்னால் அவள் என்ன செய்வாள்?

"ஐயா, நீங்க இல்லன்னா எனக்குப் பகலே கெடையாது. நாந்தான் ஒங்களைக் கும்பிடணும்" என்றாள். இருவரும் மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்த கஸ்பார், "ஏட்டி, மொதல்ல அவருக்குக் காப்பியக் குடு. கும்பிடு ஆறிப்போவாது" என்றான்.

காப்பி குடித்துவிட்டுக் கடலைப் பார்க்கப் போனார் சென்னியப்பன். போன வேகத்தில் ஓர் அலை முழங்கால் வரைக்கும் ஏறி, ஆளையே உட்கார வைத்துவிட்டது. கஸ்பார் தன்னுடைய கட்டம் போட்ட கைலிச் சாரத்தையும் பழைய சட்டை ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தான். உடுத்திக்கொண்டு நின்றவரைப் பின்னாலிருந்து பார்த்தால் உள்ளூர் ஆள் மாதிரியே இருந்தது. அவர் மட்டும் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவருடைய பார்வையெல்லாம் கடல்மேல் இருந்தது.

ஆனால் பார்வையில் ஏதோ சரியில்லை. கண்ணைச் சுருக்கினார். கையைக் குடையாக்கினார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்கய்யா, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று விண்ணரசி பதறினாள்.

"ஒண்ணுமில்லீங்க. இத்தாம் பெருசா இருக்குதுங்களே, எங்க பாக்கறதுன்னே தெரியிலீங்க. உப்புக்காத்து வேற கண்ணக் குத்துது. மண்ணு பறக்குது. நாத்தம் வேற… மீனுங்களா?"

"கருவாடுய்யா."

"ஆமாமா, இருக்குமல்லங்க." பிறகு கல்யாண வீட்டில் இரண்டாம் முறை பாயசம் கேட்பவரைப் போலக் கூச்சத்தோடு கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. மணி ஆறு பத்து ஆகப் போவுது. உங்க கண்ணு வழியாவே பாத்துக்கட்டுங்களா? பளகிப் போச்சுங்க."

"இதுல என்னய்யா தப்பு? ஒங்க நேரந்தான" என்று சொல்லிவிட்டு விண்ணரசி கல்லின்மேல் ஏறினாள். சென்னியப்பன் அவளுக்கு நாலடி முன்னால், பாதத்தில் அலை படும்படியாகப் பக்கவாட்டில் திரும்பி நின்று, காதுக்குப் பின்னால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகம் உடனே தெளிந்தது. விண்ணரசியின் பார்வையின் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. விருந்தாளி வந்துவிட்டார்.

அவள் கடலைப் பார்த்தாள். சூரியன் தலை காட்டியிருந்தது. ஒன்பது வருடமாகப் பிசகாமல் பார்த்த பார்வை அன்றைக்குத்தான் பிசகியது. இந்த மனிதரால்தானே இந்தச் சூரியன் எனக்குத் தெரிகிறது என்று நினைத்தாள். நினைத்ததுமே கண் தானாக அவர்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவருடைய நரைத்த பிடரி, ஒட்டிப்போன கன்னம், மூடிய இமை எல்லாவற்றையும் ஆசை தீரப் பார்த்தாள். ஒருநாள் பார்வை போனாலும் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு முகம் இருக்கட்டுமே என்று பார்த்தாள்.

ஒரு நிமிடம் போயிருக்காது. பச்சைப் புள்ளிக்குக் கீழே எழுத்துகள் ஓடின. ஒரு நட்சத்திரம்.

'ஒன்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லை. யாரோ ஒருவர் காட்சிக்கு நடுவில் மரம் மாதிரி நிற்கிறார். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு! இவ்வளவு அழகான கடலுக்கு முன்னால் வந்து கண்ணை மூடிக்கொள்கிற ஆட்களை ஏன் உள்ளே விடுகிறீர்கள்? இவர்களால்தான் ஊர்கள் கெட்டுப்போகின்றன.'

அவர் முகத்தின்மேலேயே மாற்றுமுகத்தைப் பொருத்தி அனுப்பிவிட்டார்கள் என்று விண்ணரசிக்குப் புரிந்தது. "ஐயா! அது நீங்கதான்யா! கண்ணத் தொறங்க!" என்று கத்தினாள். சென்னியப்பன் காதில் அரை நிமிடம் கழித்து இனிமையான அலையோசை கேட்டது. அவர் தலையை ரசித்து ஆட்டினார். அவரைத் தொட்டு உலுக்கலாம் என்று கல்லிலிருந்து காலை இறக்கினாள். அதற்குள் ஏவல் இயந்திரம் மணலில் சரசரவென்று வந்துவிட்டது.

அது சென்னியப்பனின் முழங்கையை மெல்லப் பிடித்தது. அவர் திமிறவில்லை. கஸ்பார்தான் நல்ல இடமாகப் பார்த்துக் கூட்டிப் போகிறான் என்று நினைத்துக்கொண்டார் போலும். "எங்க கூட்டிட்டுப் போனாலுஞ் செரிங்க. ரொம்ப நன்றிங்க" என்று மூடிய கண்ணோடு சொல்லிக்கொண்டே நடந்தார். இயந்திரம் அவரை ஐஸ் கம்பெனியின் பின்பக்கத்தில், சுண்ணாம்பு உரிந்த சுவருக்கு எதிரே நிறுத்திவிட்டுப் போய்விட்டது.

விண்ணரசி இறக்கிய காலை மறுபடி கல்லின்மேல் வைத்து அசையாமல் நின்றாள். கடலைப் பார்த்தாள். கண் கலங்கிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அப்போது கடலில் சிவப்பு போய்ப் பொன் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வள்ளங்கள் அந்தப் பொன்னைக் கிழித்துக்கொண்டு கரைக்கு வந்தன. வாழ்க்கையில் இதுதான் கடைசிக் காலை என்றால் இதைவிட நல்ல காலை கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயம் கொஞ்சம் விலகியது. கிடைத்த ஒன்பது வருடத்துக்கும் மாதாவுக்கு நன்றி சொன்னாள். ஏழு பத்து வரைக்கும் அவள் இமைத்ததே குறைவு.

ஏழு மணி ஒன்பதாவது நிமிடத்தில் ஓரத்தில் எழுத்துகள் மாறின. ஒரு நட்சத்திரம் ஐந்தாகியது.

'அந்த ஆளை அப்புறப்படுத்தியதற்கு நன்றி. இப்போதுதான் ஊர் ஊராக இருக்கிறது. இன்றும் நன்றாக இருந்தது.'

அடுத்த நொடி: ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஒரு வருடம்.

விண்ணரசி கல்லின்மேலேயே உட்கார்ந்து, இனி யாருக்கும் கணக்கில்லை என்பதால் நன்றாக அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, தூக்குவாளியிலிருந்து ஒரு கச்சாயத்தை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஓடினாள்.

சென்னியப்பன் சுவரைப் பார்த்தபடி அப்போதுதான் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார். எதிரே சுவர் இருப்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. வீட்டிலும் கண்ணைத் திறந்தால் அவருக்கு எதிரே சுவர்தான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"என்னாங் காட்சிங்க! நேர்ல வந்து பாத்தா நேர்ல வந்து பாத்ததுதானுங்க" என்றார். "நடுவுலதான் எவனோ ஒருத்தன் வந்து கண்ண மூடிட்டு நின்னுட்டானுங்க. எனக்கு வந்துதே கோவம்! எந்தூர்க்காரனுங்கம்மா அவன்?"

விண்ணரசி அவரையும், அவர் உடுத்தியிருந்த கட்டம் போட்ட சாரத்தையும் பார்த்தாள். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. கையிலிருந்த கச்சாயத்தைப் பிட்டு அவருக்குப் பாதி கொடுத்தாள்.

"வெளியூர்க்காரருய்யா" என்றாள். "ஒண்ணுஞ் சொல்லாதீங்க, பாவம். ரொம்ப நல்ல மனுசர்."