ஃபெர்ன்டேல் பூங்காவின் முன்னணிக் குதிரை

எட்னா க்ரைடரின் சமையலறைக்குள் நுழைந்த வெர்னா ஹோஸ்டெட்டர், போட்ட காப்பியைத் தொடக்கூட இல்லை.

எட்னா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் துருவித் துருவியே தலை நரைத்தவள். ஓய்வு பெற்ற பிறகும், பென்சில்வேனியாவின் அந்தச் சிற்றூரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். மேசையின் மறுமுனையில் அவளுடைய மறைந்த தங்கையின் கணவர் மெல்வின் ஆப்பிள் பலகாரத்தை வளைத்துக்கட்டிக்கொண்டிருந்தார். எல்லா வழக்கிலும் குற்றவாளியை முதலில் சொல்பவர் அவர்தான். ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

"பூங்கா கையை விட்டுப் போகுது எட்னா. எங்க குடும்பத்தையே திருட்டுக் குடும்பம்கறாங்க."

ஃபெர்ன்டேல் பூங்காவை உண்டாக்கியது டிராம் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாக ஓடிய வண்டிகளில் ஆள் ஏற்ற வேண்டுமே! டிராம் படுத்ததும் வெர்னாவின் அப்பா வாங்கினார். அவர் காலத்துக்குப் பின் அண்ணன்கள் ஒற்றைக் காலில் நின்று ஓஹையோ கம்பெனி ஒன்றுக்கு விற்றார்கள். எட்டு வருஷத்தில் கம்பெனிக்குப் பூங்கா சலித்துவிட்டது. ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வெர்னா அதைத் திரும்ப வாங்கப் பேசி முடித்த நேரத்தில், மேனேஜர் ரெனிக் குண்டைத் தூக்கிப் போட்டார். குதிரை ராட்டினத்தின் முன்னணிக் குதிரை, இருப்பதிலேயே அழகான, விலைமதிப்புள்ள பழைய மரக்குதிரை, போலியாம். ஹோஸ்டெட்டர் குடும்பம் அசலை ஒளித்துவிட்டுப் போலியைக் கம்பெனி தலையில் கட்டிவிட்டதாம்.

"ஏமாத்தினவங்களுக்கு விக்க மாட்டாங்களாம். நாளைக்கு கம்பெனி வக்கீலம்மா வர்றாங்க. அவங்களும் அதையே சொல்லிட்டா, கிடங்கு கட்டறவனுக்கு இடம் போயிரும். அப்புறம் புல்டோசர்தான்."

"குதிரை நிஜமாவே போலியா?"

"போலிதான். மரமே புதுசு." வெர்னாவின் குரல் தாழ்ந்தது. "போன இலையுதிர் காலத்துல ராட்டினக் கூடத்தைப் பூட்டினதிலிருந்து சாவி ரெண்டு பேர்கிட்டதான். ரெனிக், அப்புறம் ஆரின் ஸூக். ஆரின் மகன் திடீர்னு புதுக் கார் வாங்கியிருக்கான்."

ஆரின் அவள் அப்பா காலத்து ஆள். பூங்கா கைமாறினாலும் ராட்டினத்தை ஓட்டுபவர் மட்டும் மாறவில்லை.

"அவர்கிட்டயே கேட்டியா?"

"எந்த முகத்தோட கேக்கறது?"

"ஆரின்தான்," என்றார் மெல்வின், வாய் நிறையப் பலகாரத்துடன்.

மறுநாள் ராட்டினக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். பனிக்காலம் முடியாததால் மூச்சு புகைந்தது. வக்கீல் டன்லப் அம்மாள் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. ஆரின் மோட்டார் பக்கம் ஒதுங்கி நின்றார்; யார் கண்ணையும் பார்க்கவில்லை. மெல்வின் எட்னாவின் விலாவில் இடித்துக் காட்டினார்.

முன்னணிக் குதிரை வெளி வரிசையில் நின்றது. ஜனங்கள் நின்று பார்க்கும் வேலியை நோக்கிய வலப்பக்கம் முழுக்க ரோஜாக்களும் கண்ணாடிக் கற்களும். அந்தப் பக்கத்துச் சேணத்தில் வர்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. எட்னா மேடைமேல் ஏறி இடப்பக்கம் குனிந்தாள். அங்கும் ரோஜாக்கள், கற்கள். வர்ணம் கீறல்கூடப் படாமல் பளபளத்தது. பிறகு மற்ற குதிரைகளின் இடப்பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அவை மொழுமொழுவென்று அலங்காரமில்லாமல் இருந்தன. சேணத்தில் வர்ணமே மிச்சமில்லை.

"செஞ்சவன் தாராளமான ஆளு," என்றார் மெல்வின். "ரெண்டு பக்கமும் இழைச்சிருக்கான்."

"ஆமா மெல்வின், ரொம்பத் தாராளம்." எட்னா திரும்பினாள். "மிஸ்டர் ரெனிக், நீங்க இதுல ஏறிச் சுத்தியிருக்கீங்களா?"

"எனக்குத் தலை சுத்தும். வேலிக்கு வெளியே நின்னு பார்க்கறது, போட்டோ எடுக்கறதோட சரி."

"எட்டு வருஷமா இதே குதிரைதானா?"

"இதேதான். கோடையானா பசங்க இதுக்குத்தான் அடிச்சுக்கும்."

"அப்படின்னா அந்தப் பசங்க பறந்து வந்துதான் உட்கார்ந்திருக்கணும்," என்றாள் எட்னா.

ரெனிக் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"வெளி வரிசைக் குதிரைக்கு வலப்பக்கம் நிக்க இடமே கிடையாது, மேடை முடிஞ்சிருது. ஏர்றது, எறங்கறது எல்லாம் இடப்பக்கம்தான். மத்த குதிரைங்க தேஞ்சிருக்கறதும் அங்கதான். இதுல மட்டும் இடப்பக்கம் புதுசு. ஒரு கோடைகூட ஒரு குழந்தையும் இதுல ஏறல. அதனால வெர்னா குடும்பம் வித்தப்போ நின்னது இது இல்ல. இந்தக் குளிர்காலத்துல, பூட்டின கூடத்துக்குள்ள மாத்தினது."

டன்லப் அம்மாளின் பார்வை சாவிக்காரர்கள் இருவர்மீதும் மாறி மாறிப் போனது.

"வலப்பக்கத்தை யாரோ வேணும்னே தேய்ச்சிருக்காங்க. ஜனங்க பார்க்காத உள்பக்கத்துக்கு எந்தச் சிற்பியும் ரோஜா செதுக்கினதில்ல. அந்தப் பக்கத்தையே பார்க்காதவன், அதுவும் வெளிப்பக்கம் மாதிரியேதான் இருக்கும்னு நினைச்சு செய்யச் சொல்லியிருக்கான். கோடை முழுக்க அந்தப் பக்கம் நின்னு பிள்ளைங்களைத் தூக்கி வைக்கிற ஆரின் இந்தத் தப்பைப் பண்ணுவாரா? வேலிக்கு வெளியே நின்னு போட்டோ எடுத்தவர் பண்ணுவார். விக்கிற நேரம் சோதனை வருமே, மாட்டிப்போமேன்னு முந்திக்கிட்டு அடுத்தவங்களைத் திருடன்னு கத்துவார்."

"ரெனிக், அசல் எங்கே?" என்றார் டன்லப்.

ரெனிக் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வாங்கறவருக்கு இன்னும் அனுப்பல. என் கராஜ்ல பெட்டியில இருக்கு."

வக்கீல் வெர்னாவின் பக்கம் திரும்பிக் கையுறையைக் கழற்றிக் கைநீட்டினார். "எங்க பக்கம் தடை இல்லைங்க. பூங்கா உங்களுக்குத்தான்."

வெர்னா அழுதாள், சிரித்தாள், ஆரினை நோக்கி ஓடினாள். "மே மாசம் திறந்துரலாம் ஆரின்!"

ஆரின் மோட்டாரை விட்டு நகரவில்லை.

"என் பையன் கார் வாங்கினதை ஊர் பூராவும் விசாரிச்சியாமே. அவன் ரெண்டு வருஷமா ராத்திரி ஷிஃப்ட் பார்த்து வாங்கினான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவள் நீட்டிய கை பாதியில் இறங்கியது.

"உங்கப்பா கேட்டிருப்பாரு," என்றார் அவர். "பூங்காவைத் திறம்மா. ராட்டினத்துக்கு வேற ஆளைப் பாரு."

அவர் வெளியே போய்விட்டார். மெல்வின் முதல்முறையாக யாரைக் குற்றம் சொல்வதென்று தெரியாமல் நின்றார்.