சுவரின் கடைசி அடுக்கு

மூன்று பத்திர வக்கீல்களை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத்தான் தணிகைவேல் ரெஜினாவைப் பிடித்தான். மற்றவர்களின் சுவரோதிக் கருவி வெள்ளையடித்த மேல்பூச்சோடு நின்றுவிடும். ரெஜினாவுடையது செங்கல் வரை இறங்கும் என்று கோயம்புத்தூர் முழுக்கப் பேச்சு.

வீட்டுக்குள் பேசுகிற பேச்சு சுவரில் அடுக்கடுக்காகத் தங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு, தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் மட்டும் போதாமல் போயிற்று. அந்தப் பேச்சைச் சுவரோதியால் ஓதிக் கேட்டுத் தரும் ஒலிச் சான்று இல்லாமல் பதிவு கிடையாது. சண்டை ஊறிய வீட்டுக்கு விலை இறங்கும். வாங்குகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

வடவள்ளி வீட்டில் ரெஜினா சுவரோதியைக் கூடத்துச் சுவரில் ஒட்டினாள். வீட்டுக்காரர் ரங்கசாமி ஓரமாக நின்றார். பழைய அடுக்கிலிருந்து அவர் குரலே வந்தது. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி மேல் படிப்பு?" தட்டு விழுந்த சத்தம். ஒரு பெண்ணின் அழுகை. கடைசி அடுக்கில், ஆளில்லாத கூடத்தில், அதே குரல் தளர்ந்து கேட்டது. "தெரியாமப் பேசிட்டேன் கண்ணு. மன்னிச்சிரு."

தணிகைவேல் வாய்விட்டுச் சிரித்தான். "வீட்ட விக்கிறப்பத்தான் பெரியவருக்கு ஞானம் வந்திருக்குது, பாத்தீங்களா மேடம்?"

ரங்கசாமி தலையைத் தூக்கவே இல்லை. தணிகைவேல் குறைத்துக் கேட்ட விலைக்கே வீடு முடிந்தது. திரும்பும் வழியெல்லாம் அவன் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வந்தான்.

சரவணம்பட்டியில் இருந்த தன் வீட்டை விற்றுத்தான் அவன் இதை வாங்கினான். ஒன்றை விற்று இன்னொன்றை வாங்குகிறவருக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே வக்கீல்தான் என்பது சட்டம். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தான். அடுத்தவன் சுவரைத் தட்டிப் பார்க்கிற அவசரத்தில் தன் வீட்டுச் சுவர் யாருக்கு ஞாபகம் வரும்?

வந்தது, ரெஜினா சரவணம்பட்டி வீட்டின் பின்னறைக்குள் நுழைந்தபோது.

"இது எங்க மாமா, இவரோட அப்பா, கடைசி வரைக்கும் படுத்திருந்த ரூமுங்க," என்றாள் அவன் மனைவி சுகந்தி. "நான் பகல்ல வேலைக்குப் போயிருவேன். இவருதான் லீவு போட்டுக் கைக்குழந்தையாட்டம் பாத்துக்கிட்டாரு. எங்க சொந்தத்துல எல்லாரும் இவரத்தான் உதாரணம் சொல்லுவாங்க." சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

விற்பவர் முதலில் கேட்டுக்கொள்வது வழக்கம். ரெஜினா ஹெட்போனை நீட்டினாள். அவனுடைய குரல் பக்கத்தில் நின்று கத்தியது. "இன்னும் எத்தன நாளைக்குப்பா இப்படி இழுத்துக்கிட்டுக் கெடப்பீங்க? போய்ச் சேருங்களேன்! எங்கள விடுங்களேன்!"

பிறகு அப்பா பேசினார்.

"சரி சாமி. கோவிச்சுக்காத."

தணிகைவேல் ஹெட்போனைக் கழற்றினான். இத்தனை வருஷம் வாங்கிய பாராட்டெல்லாம் திருட்டுச் சொத்து போலத் தோன்றியது.

"மேடம், இத மட்டும் எடுத்துர முடியாதுங்களா? அந்த மேல்பூச்சோட நிறுத்திக்கலாமே."

"மேல்பூச்சு வக்கீல் வேண்டாமுன்னுதானே சார் என்கிட்ட வந்தீங்க? திங்கக்கிழமை வாங்கறவங்க வந்துருவாங்க. விக்கிற தரப்புல வீட்டம்மாவும் கூட இருக்கணும்."

அவன் சுவரைப் பார்த்தான். "இப்ப இங்க ஏதாச்சும் பேசினா, அதுவும் பதியுமுங்களா?"

"பதியும்." ரெஜினா கருவியைப் பைக்குள் வைத்தாள். "நான் ஓதின வீட்டுல முக்காவாசி வீட்டுல கடைசி அடுக்கு மன்னிப்புத்தான் சார். வாங்கறவங்க எல்லாரும் அதக் கேட்டுச் சிரிப்பாங்க. வடவள்ளில நீங்க சிரிச்சீங்களே, அந்தச் சிரிப்பும் இப்ப அந்தச் சுவத்துல இருக்குது. அடுத்த வாரம் நீங்க குடிபோறது அங்கதானே?"

அவள் கூடத்துக்குப் போய்விட்டாள். சமையலறையில் சுகந்தி டம்ளர்களை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது.

கட்டில் கிடந்த இடத்துக்கு நேரே நின்று, தணிகைவேல் சுவரில் கையை வைத்தான். இத்தனை வருஷமும் இந்த அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சொல்ல நினைத்த மன்னிப்பு வார்த்தைதான் அது. ஒரு நாளும் சொன்னதில்லை.

"அப்பா," என்றான்.

வீடு விற்கிறவனின் குரலாகத்தான் அவனுக்கே கேட்டது.