நளீரின் கம்பியூட்டரில் மீதமிருந்தவள்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் எனக்கு மிஞ்சியிருக்கும் ஆறு பல்லும் இன்றைக்கே கொட்டிப்போகட்டும். எழுபத்தொரு வயதில் ஒரு மனிதன் பல்லை வைத்து விளையாட மாட்டான்.

கம்பியூட்டர் திருத்துவது என் தொழில். போன ஒக்டோபரில் ஒரு புதன்கிழமை, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் வத்தேகம பஸ் ஏறினேன். நளீர் என்ற கலியாண வீடியோக்காரன் காலையிலிருந்து மூன்று தரம் கோல் எடுத்திருந்தான். போய்ச் சேரும்போது பகல் இரண்டு மணி. மழை விடவில்லை.

அவனுடைய மேல்மாடி அறைக்குள் பகலே கிடையாது. படத்தின் நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்று ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்தான். சூடேறிய தூசியின் மணம். அதற்கு அடியில், மெல்லியதாக, கராம்பு மணம்.

"யாரு இங்க கராம்பு சப்புற?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்ல மாமா. ஸுமைராதான் எந்நேரமும் வாயில ஒண்டு வெச்சிருப்பா."

ஸுமைரா அவன் மனைவி. மௌத்தாகிப் பதினொரு மாதம்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு நளீருக்கு இரண்டாவது நிக்காஹ். பெண் பர்ஹானா. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: முந்தினவளுடைய படம் ஒன்றுகூட அந்தக் கம்பியூட்டரில் இருக்கக் கூடாது. இருந்தால் நிக்காஹ் இல்லை. நளீர் நாலு நாளாக அழித்துக்கொண்டிருந்தான். அழிக்க அழிக்க மிஷின் இன்னும் மெதுவானது.

"புது எஸ்.எஸ்.டி. டிரைவ் மாமா. போட்ட நேரம் பறந்திச்சி. இப்ப அவளப் போலயே சொணங்குது. பிளேன்டீ ஒண்டுக்கு அரை மணித்தியாலம் எடுப்பா. கடைசி மூச்ச விடவும் மூணு நாள் சொணங்கினவதானே." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. பல் குறைவு.

டிரைவைப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிரம்பியிருந்தது. கலியாண வீடியோக்காரர்கள் எதையும் வீச மாட்டார்கள். எட்டு வருடம் கழித்து ஒருவர் வந்து, மௌத்தான மாமி வட்டிலப்பம் சாப்பிட்ட காட்சி இருக்கிறதா என்று கேட்பார். ஆகவே ஊர் மாமிமார் அத்தனை பேரும் உள்ளே பத்திரமாக இருந்தார்கள். தன் மனைவியை மட்டும் வெளியே தள்ளியிருந்தான்.

"அழிச்சா பேர்தான் போகும் நளீர். ஆள் போறதில்ல. இந்த டிரைவுல எழுதின இடத்துக்கு மேல எழுத ஏலாது. முதல்ல அந்த இடத்த வெறுமையாக்கணும். வெறும் இடம் இல்லாட்டி, புதுசா ஒண்ட வெக்கப் பழசு பத்தத் தூக்கி மாத்தும். அதுதான் சொணக்கம். எது தேவல்ல, எதக் கூட்டித் தள்ளணும்னு கம்பியூட்டர் அதுக்குச் சொல்லணும். ட்ரிம்னு சொல்ற. நீ டிரைவ யூ.எஸ்.பி. பெட்டியில போட்டு வெச்சிரிக்கிறாய். இந்தப் பெட்டிக்குள்ளால அந்தக் கட்டளை போகல்ல."

"நான் ரெண்டு தரம் டீபிராக்மென்ட் செஞ்சனே."

"அது பழைய, சுத்துற டிஸ்குக்கு. இதுக்கு அது தேய்மானம்தான்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அப்ப அவ இன்னம் உள்ளுக்கா இரிக்கிறா?"

"முழுசா."

"கூட்டித் தள்ளுங்க மாமா."

டிரைவைப் பெட்டியிலிருந்து கழற்றி, நேரே மிஷினுக்குள் பூட்டினேன். பழைய கலியாணங்களை வேறு டிஸ்குக்கு மாற்றி, ஐந்தில் ஒரு பங்கு இடத்தை வெறுமையாக விட்டேன். ட்ரிம் கட்டளையைக் கொடுத்தேன். மிஷினை அணைக்காமல், இரண்டு மணித்தியாலம் யாரும் தொடாமல் விட்டால் மிச்சத்தை அதுவே கூட்டிக்கொள்ளும் என்றேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்தோம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.டி.க்குள் சுழல்கிற சாமான் எதுவும் இல்லை. அதற்குச் சத்தமே கிடையாது.

உள்ளே யாரோ கூட்டினார்கள்.

விளக்குமாற்றின் நீண்ட இழுப்பு. கொஞ்சம் ஓய்வு. மறுபடி இழுப்பு. நோயாளி ஒருத்தி கூட்டுவது போல.

அது கதவை நோக்கி வந்தது.

நளீர் பிளேன்டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனான்.

சத்தம் நின்றது.

கோப்பையும் நின்றது.

உதட்டுக்கு நாலு விரல் கீழே, காற்றில். ஆவி அடங்கியது. கீழே பாதையில் ஒன்பது பஸ்கள் போயின. நான் எண்ணினேன், வேறு வேலை இல்லை. அதற்குப் பிறகுதான் கோப்பை உதட்டைத் தொட்டது.

அறைக்குள் போய்ப் பார்த்தேன். மிஷின் பறந்தது. ஸுமைரா எங்கேயும் இல்லை. கராம்பு மணமும் அறையில் இல்லை.

அது இப்போது நளீரின் வாயிலிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், பெண்ணின் தகப்பன் முஹ்ஸின் ஹாஜியார் நளீரின் கையைப் பிடித்து, மகளை அவனுக்கு நிக்காஹ் செய்து தந்ததாகச் சொன்னார். மாப்பிள்ளை இடைவெளி விடாமல் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். இடையில் நேரம் போனால் நிக்காஹ் செல்லாது.

நளீர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்புளக்கி வெக்கம்," என்றார் ஒருவர்.

"நித்திரையா பாருங்க," என்றார் மற்றவர்.

ஹாஜியார் இரண்டாம் தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொன்னார். பின்னேரத் தொழுகைக்கு, அஸருக்கு, பாங்கு சொன்னது. நளீரின் நெற்றியில் வேர்வை முத்து ஒன்று பாதியில் நின்றது.

பிறகு அவன் வாய் திறந்தது. வந்தது பெண் குரல். அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

"பொறுங்க. இன்னம் கூட்டி முடியல்ல."

ஹாஜியார் கையை இழுத்தார். வரவில்லை. நளீரின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து முடியப் பொழுது சாய்ந்து மஃரிப் ஆனது.

பர்ஹானாவை அந்த மாதமே வேறு இடத்தில் முடித்துக் கொடுத்தார்கள். நளீர் அன்றிலிருந்து அந்த மேல்மாடிக் கதிரையில்தான் இருக்கிறான். காலையில் வாயில் வைத்த சோற்றுப் பிடியைப் பின்னேரம் விழுங்குகிறான். கண்கள் மட்டும் பழைய வேகத்தில், கூட்டுக்குள் அகப்பட்ட எலி போல ஓடுகின்றன. போன கிழமை அவன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன்.

ஒரு இழுப்பு. ஓய்வு. மறுபடி ஒரு இழுப்பு.

உண்மையில் ஸுமைரா மௌத்தாகவே இல்லை; தலாக் வாங்கி மூன்று வருடமாக மாவனல்லையில் சுகமாக இருக்கிறாள். கண் மங்கிய எனக்கு இதை டைப் செய்து தந்ததும் அவள்தான். என் பல்லை மட்டும் யாரும் எண்ண வேண்டாம்.