கவுன் பக்கத்து விளக்கு

கல்லாவுக்கு மேலிருந்த பலகையில் கவுன் பக்கத்து விளக்கு மறுபடியும் எரிந்தது. பிரிஜட் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஈ காக்கை இல்லை. தொங்கவிட்டிருந்த பிள்ளைகளின் கவுன்கள் மட்டும் மின்விசிறிக் காற்றில் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. யாரோ குனிந்து விலைச்சீட்டைப் பார்க்கிற அளவு நேரம் எரிந்துவிட்டு விளக்கு அணைந்தது.

அந்த விளக்குப் பலகை கடைக்கு வந்தது எண்பத்து மூன்றாம் வருஷ தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால். சிராங்கூன் ரோட்டில் எல்லாக் கடைக்காரர்களும் ஒலிபெருக்கி கட்டி ஆள் பிடித்துக்கொண்டிருந்தபோது, துணிக்கடை முதலாளி நாகூர் கனிக்கு மட்டும் புத்தி வேறு பக்கம் போயிற்று. டை கட்டிய விற்பனையாளன் ஒருவன் வந்து, வருகிறவர்கள் எங்கே போகிறார்கள், எதன் முன்னால் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று அளந்துவிட்டுப் போனான். கனி பாய் சொக்கிப்போனார். வாசலில் ஒன்று, புடவைப் பக்கம் ஒன்று, கவுன் பக்கம் ஒன்று என்று மின்கண்கள் வந்தன. எதிரெதிரே இரண்டு சின்னப் பெட்டிகள், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஆள் குறுக்கே போனால் கல்லாவுக்கு மேலே பலகையில் அந்த இடத்து விளக்கு எரியும், மணி ஒரு தடவை 'டிங்' என்று அடிக்கும். ஆள் அங்கேயே நின்றால் விளக்கும் அணையாமல் நிற்கும். பிள்ளைகள் இழுக்கிற பக்கம்தான் தாய்மாரின் பர்ஸ் திறக்கும், பிள்ளைகளும் கணக்கில் வரட்டும் என்று பெட்டிகளை முழங்கால் உயரத்தில் பொருத்தச் சொன்னவரும் அவர்தான்.

எந்த விளக்கையும்விடக் கவுன் விளக்குதான் அதிகம் எரிந்தது. ஆனால் கவுன் ஒன்றுகூட விலை போகவில்லை.

"பாய், நாள் பூரா அந்த லைட்டு எரியுது. நான் எட்டிப் பாத்தா அங்க ஆளே இல்ல" என்று பிரிஜட் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"நீ பாக்குறதுக்குள்ள போயிருப்பாங்க லா. கல்லாவ நீ பாரு. ஆள மெஷின் பாத்துக்கும்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆள் அதிகம் நிற்கிற சரக்கைக் கடைசியில் வை, அதைத் தேடிக் கடை முழுக்க நடந்து வருவார்கள் என்று அந்த விற்பனையாளன் ஓதியிருந்தான். வாசலை ஒட்டியிருந்த கவுன்களையும் அவற்றின் மின்கண்ணையும் கனி பாய் கடையின் கோடியில், சரக்கறைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். கெட்டிக்காரத்தனம்தான். அதுவரை வாசலோடு நின்றது எதுவோ, அது கடை முழுக்க நடந்து உள்ளே வரத் தொடங்கியது.

அன்று பிரிஜட் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான். அந்தத் திரைக்குப் பின்னால், துணிக்கட்டுகளின் மேல், அவளுடைய நான்கு வயது மகள் லேனா தூங்கிக்கொண்டிருந்தாள். பூன் லேயில் பக்கத்து வீட்டு ஹலீமாதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். அவள் அந்த வாரம் ஜொகூரில் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டாள். புருஷன் சவரிராஜுக்கோ சாங்கி சரக்கு முனையத்தில் மாலை ஷிப்ட். வேறு வழியில்லாமல் பாலர் பள்ளி விட்டதும் பிள்ளையைக் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பொழுது சாயும்போது மழை பிடித்துக்கொண்டது. கடை முன் ஐந்தடி நடைபாதையில் பூ கட்டுகிறவர்கள் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சாரல் புடவைக் கட்டுகள் வரைக்கும் அடித்தது.

"ஷட்டர இறக்கித் தாழ் போட்டுக்கம்மா, சரக்கு நனையுது. தொழுதுட்டு வந்து தட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, கனி பாய் குடையை விரித்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

பிரிஜட் ஷட்டரை இறக்கித் தாழ் போட்டாள். தெருவின் இரைச்சல் சட்டென்று அமுங்கி, தகரத்தில் மழை அறைகிற சத்தமும், தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கிற சத்தமும், கஞ்சி போட்ட புதுத்துணி வாடையும், மூலையில் பாய் ஏற்றிவைத்த ஊதுபத்தியின் கடைசிப் புகையுமாகக் கடை சின்னதாகிப்போனது. பிள்ளையை எழுப்பி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். தூங்கட்டுமே, இதுக்குப் போய் ஒரு பயமா என்று தன்னையே அதட்டிவிட்டு, சில்லறையை எண்ண உட்கார்ந்தாள்.

டிங்.

வாசல் விளக்கு எரிந்து அணைந்தது. அவள் ஷட்டரைப் பார்த்தாள். தாழ் போட்டது போட்டபடி இருந்தது. ஈரம் பட்டுக் கம்பி எங்காவது கெட்டிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. மழை வாடை இல்லை, துணி வாடையும் இல்லை. பால் குடித்த பிள்ளையின் சட்டையைத் துவைக்காமல் நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்தால் வருமே, அந்தப் புளிப்பு. அது கல்லாவைத் தாண்டி மெதுவாக, அவசரமே இல்லாமல் நகர்ந்து போனது.

டிங். புடவைப் பக்கம்.

எழுந்திரு, பிள்ளையிடம் ஓடு என்று மனசு அடித்துக்கொண்டது. கால் கேட்கவில்லை. அவளுக்கும் திரைக்கும் நடுவில் அல்லவா அது போய்க்கொண்டிருந்தது!

டிங்.

கவுன் விளக்கு எரிந்தது. அணையவில்லை.

கம்பியில் ஹேங்கர்கள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம் கேட்டது. ஒரு தாய் பொறுமையாக அளவு பார்ப்பாளே, அப்படி. சத்தம் நின்றது. திரையின் வளையங்கள் உரசின.

"யேசுவே" என்றாள் பிரிஜட்.

உள்ளே லேனா பேசினாள். தூக்கம் கலையாத குரலில், யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி.

"இது வேணாம் ஆன்ட்டி. ப்ளூ கலர் வேணும்."

அப்புறம் சிரிப்பு. பிள்ளையின் சிரிப்புதான். கவுன் விளக்கு அணைந்தது.

மழை. மின்விசிறி. வேறொன்றும் இல்லை.

டிங். கவுன் பக்கம். ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி அதே விளக்கு. டிங்.

புடவைப் பக்கம். டிங். பின்னாலேயே, டிங்.

வாசல். டிங்.

டிங்.

வந்தபோது ஒவ்வொரு விளக்கும் ஒரு தடவைதான் எரிந்தது. போகும்போது இரண்டு தடவை. அது உறைத்ததும் பிரிஜட்டின் கால்கள் தானாக எழுந்தன. பில் புத்தகம் எங்கோ விழுந்தது. புடவைக் கட்டில் இடறி, எழுந்து, திரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தாள்.

லேனா துணிக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் வெள்ளைப் பட்டி வைத்த நீலக் கவுன் போட்டிருந்தாள்.

பிரிஜட் அவளை வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. நெற்றி, கன்னம், கை என்று தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. மேல் மட்டும் கொஞ்சம் சில்லென்று இருந்தது, மழை அல்லவா.

"யார்ட்டடி பேசுன? சொல்லு கண்ணு. யாரு வந்தா?"

பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. சிரித்தது.

"சரி, வா. இங்க இருக்க வேணாம். பாய் வர்ற வரைக்கும் வெளிய நிப்போம், வா."

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சரக்கறையை விட்டு வெளியே வந்தாள். கவுன் பக்கம் கடந்தாள். டிங். அவளுக்கு.

அடுத்த மணிக்காகக் காத்தாள். பிள்ளை அவளோடு ஒட்டி நடந்து வந்துவிட்டது. மணி அடிக்கவில்லை.

மெஷின் கோளாறு. கோளாறுதான். பிரிஜட் வேகமாக நடந்தாள். புடவைப் பக்கம். அவளுக்கு டிங். வேண்டுமென்றே நின்று, பிள்ளையைப் பின்னால் நிறுத்தி, மெதுவாக முன்னே இழுத்தாள். சின்னக் கால்கள் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வந்தன. அங்கேயே நின்றன. பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

விளக்கு எரியவில்லை.

"அம்மா!"

குரல் பக்கத்திலிருந்து வரவில்லை. ஷட்டருக்கு வெளியே இருந்து வந்தது. மழையில். தொண்டை கிழிய.

"அம்மா! அம்மா!"

லேனா. அது லேனா. குரல் தேக்கா சந்தைப் பக்கமாகத் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

பிரிஜட் தாழ்ப்பாளை நோக்கிப் பாய்ந்தாள். பாய முடியவில்லை. கைக்குள் இருந்த சின்னக் கை அவளை விடவில்லை. இழுத்தாள். உதறினாள். மறு கையால் விரல்களைப் பிரித்தாள். பிரித்த விரல் மறுபடி மடங்கியது. வெளியே மழைச் சத்தத்துக்குள் கூப்பிடுகிற குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. குனிந்து பார்த்தாள். நீலக் கவுனின் வெள்ளைப் பட்டிக்கு மேலே, மூச்சே விடாமல், லேனாவின் முகம் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.