நாலாம் மாடியில் ஒரு சிகரெட் அட்டை

"ஆ...!"

அலறல் மொட்டைமாடி வரை கேட்டது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பீலிக்ஸ் நாலாம் மாடிக்கு ஓடிவந்தான்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே...

அவன் வேலைசெய்யும் வீட்டு வெள்ளைக்காரக் கிழவர், சிஞ்ஞோரே என்று அவன் மரியாதையாய்க் கூப்பிடும் கர்மேலோ, மேசையடியில் குப்புறக் கிடந்தார்! நெற்றியில் இரத்தம்.

மூக்கருகே கை வைத்தான். மூச்சில்லை!

டக்... டக்... டக்...

முதுகுக்குப் பின்னால் கதவுப் பூட்டு வெளியிலிருந்து மூன்று முறை சுழன்றது. ஆணியில் தொங்கும் சாவிக்கொத்தைக் காணவில்லை.

ஜன்னலுக்கு வெளியே நாலு மாடிப் பள்ளம்.

தொலைபேசி கிணுகிணுத்தது!

"புறொன்தோ..." இந்த ஊர் ஹலோவோடு எடுத்தான்.

"நான்தான்ரா. கோபாலசிங்கம்."

கோபாலசிங்கம் இந்தக் கட்டடத்தின் படிக்கட்டுகளைக் கழுவுகிறவன்.

"அண்ணை! சிஞ்ஞோரே செத்துப்போனார்! ஆரோ கதவைப் பூட்டிப்போட்டாங்கள்!"

"பூட்டினது நான்தான்."

"அண்ணை...?"

"கிழவனைச் சாகடிச்சுப்போட்டு அண்ணை நொண்ணை எண்டு கத்தாதை!"

"மாதாவாணை நானில்லை! நான் மேலை துணி காயப்போட்டனான்!"

"பொலிசுக்கு அதைச் சொல்லு. பிணமும் நீயும் ஒரே வீட்டுக்கை. வாற கிழமை இங்கை தங்கிற உன்ரை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நாளெல்லே? நல்லாய்ப் புதுப்பிப்பாங்கள்!"



"என்ன வேணும் உங்களுக்கு?"

"அந்த பேஸ்போல் காட். அல்பத்திலை இல்லை, நீ வரமுந்தியே பார்த்திட்டன். கிழவன் எங்கை ஒளிப்பானெண்டு உனக்குத் தெரியும். கதவுக்குக் கீழாலை தள்ளு. திறந்துவிடுறன். ஓடித் தப்பு."

பீலிக்ஸுக்கு அந்த அட்டை தெரியும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது. கிழவரின் பாட்டனார் நியூயோர்க்கிலிருந்து கொண்டுவந்தது. தீப்பெட்டியளவில் ஒரு விளையாட்டுக்காரன் படம். உலகத்தில் அதுபோல் பத்துப்பன்னிரண்டுதான் மிச்சமாம். வாங்க நாளைக்கு ஒருவர் வருகிறார்.

"அந்தத் துண்டுக்கோ இவ்வளவும்?"

"துண்டோ? அதை வித்தால் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை ஒரு மீன் றெஸ்ரோறன்ரே வாங்கலாம்ரா மொக்கா! கீழ்ப் படியிலை நிக்கிறன், மேலை வாறன். கெதியாய்த் தேடு!"

அலுமாரி... இழுப்பறை... மெத்தையடி...

இல்லை!

வாசலில் காலடி. "ஒண்டு... ரெண்டு..." வெளியே எண்ணத் தொடங்கினான் கோபாலசிங்கம்.

பீலிக்ஸின் கண் பிணத்தின் வலது கையில் விழுந்தது. இறுகிய முட்டி. விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தான்.

அட்டை!

சிலுவை போட்டுக்கொண்டு கதவின் கீழ் தள்ளினான்.

வெளியே எண்ணுவது நின்றது.

பிறகு...

"ஐயோ...!"

இரண்டாவது அலறல்!

"டேய்! இதை ஆர் லமினேற் பண்ணினது?"

"நான்தான் அண்ணை. மூலை உதிரத் தொடங்கிட்டுது, பாவம் எண்டு நேற்று வியா மக்வேதாத் தெருக் கடையிலை குடுத்தனான். அந்தோனியார் படம், ஞானஸ்நானச் சீட்டு, எல்லாம் நாங்கள் அப்பிடித்தானே வைச்சிருக்கிறம்? சிஞ்ஞோரேக்குச் சொல்லாமல் ஒரு சந்தோசமாய்..."

"விசரா! சூட்டிலை ஒட்டினால் இனிப் பிரிக்கேலாது! இதுக்கு இனி ஒரு சதம் பெறுமதியில்லை! இதைப் பார்த்துத்தான்ரா கிழவன் கத்தினவன்!"

 அப்படியென்றால்... அவரைக் கொன்றது நானா?

டக்... டக்... டக்...

கதவு திறந்தது. ஓங்கிய கையோடு பாய்ந்தான் கோபாலசிங்கம்!

பீலிக்ஸ் குனிந்தான். கை காற்றில் போனது. ஒரே தாவலில் வெளியே! கதவை இழுத்தான். பூட்டில் தொங்கிய சாவியை மூன்று முறை சுழற்றினான்.

"டேய் பீலிக்ஸ்! பிணத்தோடை விட்டிட்டுப் போகாதையடா!"

"பொலிசைக் கூட்டிக்கொண்டு வாறன் அண்ணை!"

அரை மணியில் பொலிஸ் வந்தது. டாக்டரும் வந்தார்.

"கொலையில்லை. மாரடைப்பு. விழும்போது மேசை விளிம்பு நெற்றியில் பட்டிருக்கிறது."

ஒளிக்காமல் எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டரிடம் சொல்லி முடித்தான் பீலிக்ஸ்.

"அப்ப என்னையும் பிடிப்பியளோ?"

"அன்பு காட்டினதுக்கு எங்கடை சட்டத்திலை தண்டனையில்லை. ஆளைப் பூட்டி வைச்சு மிரட்டினதுக்கு இருக்கு!"

கோபாலசிங்கத்தின் கையில் விலங்கை மாட்டிய இன்ஸ்பெக்டர், அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சாட்சிப்பொருளை பிளாஸ்டிக்கிலை போடுறது வழக்கமாய் எங்கடை வேலை... நீ ஒரு நாள் முந்தியே செய்துபோட்டாய்!"