தண்ணீர் கேட்காத கல்

பட்டுப்போன ரோஜாச் செடிக்கு நிதானம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மாடியேறி வந்தாள். நிதானம் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். கட்டடப் பொருள் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செடி அவர் மனைவி வைத்தது. மனைவி போய், செடியும் போய், தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. "செத்த செடி அத்தான்" என்று கூடவே இருக்கும் மச்சான் தினமும் சொல்லிப் பார்ப்பான். சொன்னது காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

வந்தவள் கல் பட்டறை நடத்துபவள். சிமென்ட் இல்லாமல், அனல்மின் நிலையச் சாம்பலையும் காரக் கரைசலையும் கலந்து கல் வார்க்கிறாள். கொஞ்ச நாளாகக் கல் உதிர்கிறதாம். கரைசல் கலப்பவன் அவள் தம்பி. வேறு வேலைக்குப் போக அவனுக்கு ஆசை. வேண்டுமென்றே கெடுக்கிறான் என்று அவளுக்குச் சந்தேகம். நிஜமென்றால் இன்றே அவனை வெளியே அனுப்பிவிடுவாள்.

"எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான் சார். அதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்" என்றாள்.

பட்டறையில் கற்கள் பாலித்தீன் தாளுக்கடியில் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே கலவையில் வார்த்தவை. பின்வரிசைக் கற்கள் கிண்ணென்று இருந்தன. மூலையில் இருந்த சின்ன அறைக்கு அருகிலுள்ள வரிசைகள் மட்டும் வெள்ளை பூத்து, கட்டைவிரல் பட்டாலே உதிர்ந்தன. அங்கே தாளின் ஓரங்களில் யாரோ பதமாகக் கல் வைத்து மூடியிருந்தார்கள். தம்பி ஒரு பீப்பாய் மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அறையிலிருந்து ஒரு முதியவர் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, பேசாமல் உள்ளே போனார். அவளுடைய அப்பாவாம், பழைய கொத்தனார். அவர் ரப்பர் செருப்பு ஈரமாக இருந்தது. விளிம்பில் வெள்ளைக் கோடு.

கூடவே வந்திருந்த மச்சானுக்குப் பொறுக்கவில்லை. தம்பி கரைசலில் தண்ணீர் கலந்துவிட்டான், இதிலென்ன ஆராய்ச்சி என்று நிதானத்தின் காதைக் கடித்தான். நிதானம் கெட்டுப்போன கல் ஒன்றைச் சுத்தியலால் உடைத்தார். மேலே வெள்ளை, பொலபொலப்பு. உள்ளே கருத்து, இறுகிக் கிடந்தது.

எல்லாரையும் கூப்பிட்டார்.

"கரைசல்ல குறைன்னா உள்ளேயும் சொத்தையா இருக்கணும். பின்வரிசையும் கெட்டிருக்கணும். உன் தம்பி மேல தப்பில்லம்மா."

பிறகு பொறுமையாக விளக்கினார். சாம்பலில் இருக்கும் சிலிக்கானும் அலுமினியமும் காரத்தில் கரைந்து, ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு வலையாகப் பின்னிக்கொள்கின்றன. அந்த வலையில் அலுமினியம் இருக்கும் இடத்தில் எல்லாம் மின்சுமையில் ஒரு குறை விழும். அதை ஈடுகட்ட, கரைசலிலிருந்து வரும் ஒரு சோடியம் பக்கத்தில் இருந்தாக வேண்டும். வலை முழுதாகப் பின்னுமுன் தண்ணீர் பட்டால் சோடியம் கரைந்து வெளியேறும். மேலே வந்து காற்றோடு சேர்ந்து வெள்ளையாகப் பூக்கும்.

"தண்ணி ஆகாதுன்னு எங்களுக்குத் தெரியும் சார். யார் ஊத்துவா?" என்றாள் அவள்.

"உங்கப்பா சிமென்ட்டோடயே வாழ்ந்தவர். அதுக்குத் தண்ணி ஊத்தினாத்தான் இறுகும். கெடுக்க வந்தவன் இவ்வளவு பதமா மூடிட்டுப் போக மாட்டான்மா."

அறை வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"வார்த்த கல்லுக்குத் தண்ணி காட்டணுமே, பிள்ளைங்க மறந்துட்டாங்களேன்னு ஊத்தினேன்" என்றார். "கையெட்டின வரைக்கும்தான் முடிஞ்சுது. ரெண்டு பேரும் எங்கிட்ட எதுவும் பேசுறதில்ல. இதுங்களாவது நான் ஊத்தினா வாங்கிக்குதுன்னு..."

தம்பி பீப்பாயை விட்டு எழுந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பார்வை அப்பா மேலேயே இருந்தது.

"ஒருத்தன்தான்னு சொன்னியேம்மா" என்றார் நிதானம், மெதுவாக. "இவரைப் பார்த்ததும் அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்திச்சு."

அவள் அழுதாள். பிறகு அப்பா கொண்டுவந்த நாற்காலியில் அவரையே உட்கார வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்து, இது என்ன கல் என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் மச்சான் விடவில்லை. செருப்பு சரி, வெள்ளைக் கோடு சரி, பாசத்தில் ஊற்றினார் என்று எப்படித் தெரிந்தது என்று துளைத்தான். வீடு வந்ததும் நிதானம் நேரே மாடியேறி, ரோஜாச் செடியடி மண் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை மச்சான் செத்த செடி என்று சொல்லவில்லை. வாளியை அவனே மாடிக்குத் தூக்கி வந்து, அவர் ஊற்றி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றான்.