மறுப்பு மாமா

"நீதாண்டா எழுதியிருக்க."

"நான் எழுதலன்னு எத்தனை தடவைக்கா—"

"நேத்து சாயங்காலம், பஸ் செய்திக்குக் கீழ—"

"—சொல்றது? நீ எழுதிட்டு என் தலையில கட்டாத."

"நான் மாவு பிசைஞ்சுட்டு இருந்தேன்டா. ரெண்டு கையும் மாவு. மூக்காலயா தட்டுவேன்?"

"நான் தூங்கிட்டு இருந்தேன். கனவுலயா தட்டுவேன்?"

வேறு நாளாக இருந்தால் இந்த இடத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்திருக்கும். அன்று வரவில்லை. அக்கா மடிக்கணினியைத் தம்பி பக்கம் திருப்பி, திரையில் விரலை வைத்தாள்.

ஓட்டுநர் இல்லாத பேருந்துகளை நகரத்துக்குள் விடலாமா என்பது செய்தி. கீழே நூற்றுப்பத்துக் கருத்துகள். ஆட்சியில் இருப்பவர்களுக்கு இதில் பங்கு உண்டு என்று ஒருவர். இயந்திரம் குடித்துவிட்டு ஓட்டாது, அதுவே போதும் என்று இன்னொருவர். 'மின்னல்' என்ற பெயரில் எழுதும் கல்லூரி வாத்தியார் வழக்கம்போல் புள்ளிவிவரத்தை மூட்டை மூட்டையாக இறக்கியிருந்தார். நடுவே யாரோ ஒரு பெண், ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லாமல் வண்டி வருவதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும் என்று எழுத, அதற்குக் கீழே 'மறுப்பு' என்ற பெயரில் ஒரே ஒரு வரி.

'யாரும் இல்லை என்பது தவறு.'

"மாமா இப்படியா எழுதுவாரு?" என்றாள் அக்கா. "எட்டு வரியாவது இருக்கும். அதுல ரெண்டு குத்தல் இருக்கும். இது என்னடா, மொட்டையா?"

"அதான் நானும் கேக்கறேன். ஏன் இப்படி எழுதின?"

மாமா என்று ஒருவர் கிடையாது. அறிவியல், தொழில்நுட்பம், அரசியல் என்று செய்திகளைப் போட்டு ஊரைச் சண்டைக்கு இழுக்கும் இணைய விவாத மேடை ஒன்றை அக்காவும் தம்பியும் வீட்டிலிருந்தபடியே நடத்தி வந்தார்கள். அவள் பத்திரிகை ஒன்றில் அறிவியல் பக்கத்துக்கு மெய்ப்புத் திருத்தி ஓய்ந்தவள். அவன் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். கல்யாணம் இருவருக்கும் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், பிறகு கேட்பதற்கே ஆள் இல்லாமல் போன விஷயம். கூட்டம் சேராத நாட்களில் வம்பு வளர்க்க ஒருவர் வேண்டுமே என்று இருவரும் உட்கார்ந்து பெற்றெடுத்த பிள்ளைதான் மறுப்பு மாமா. அறுபது வயது, வாயுத் தொல்லை, மூக்கு நுனியில் கண்ணாடி. யார் எதைச் சொன்னாலும் இல்லை என்பார். அது ஒன்றுதான் அவருக்கு விதி. அக்காவும் எழுதுவாள், தம்பியும் எழுதுவான். இன்று மாமாவாக இருந்தது யார் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சாப்பிடும்போது மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டு பழகிப்போன பிறகு, கண்டுபிடிக்கச் சொல்லிக் கேட்பதும் நின்றுபோயிருந்தது.

"சரி, நீ கடைசியா எப்ப எழுதின?" என்றாள்.

"தொட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எனக்குத்தான் வேலையே கழுத்து வரைக்கும் இருக்கே. நீ?"

அக்கா மாமாவின் கருத்துப் பட்டியலை மேலே தள்ளினாள். அவளும் ஒரு மாதத்துக்கு மேலாக மாமாவைத் தொடவில்லை. அந்த ஒரு மாதத்தில் மாமா எழுதியது இருநூற்றுப் பன்னிரண்டு. வாசகர் எழுதும் ஒவ்வொன்றும் முதலில் நிலுவைப் பட்டியலுக்கு வரும். பக்கத்தில் இரண்டு பொத்தான்கள், அனுமதி, நீக்கு. அழுத்துவது அக்காவின் வேலை. மாமா பெயரைப் பார்த்தால் அவள் படிப்பதுகூட இல்லை, நம்ம ஆள்தானே என்று கட்டைவிரல் தானாக அனுமதியில் விழும். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை விழுந்திருந்தது.

"பொய் சொல்ற," என்றாள்.

தம்பியின் முகம் சுருங்கியது. அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரு கதை உண்டு. முன்பு ஒரு முறை வேலை போனதைச் சொல்லாமல், ஆறு மாதம் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் அலுப்போடு திரும்பி வந்து, அன்றைக்கு மேலதிகாரி என்ன திட்டினார் என்றுகூட விலாவாரியாகச் சொன்னவன் அவன். கண் இமைக்காமல் சொன்னவன். இனி ஒரு பொய் சொன்னால் நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்று அக்கா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்தான்.

"நான் எழுதலக்கா," என்றான் மெல்ல. எழுந்து குளிக்கப் போனான்.

வெளியே மழை பிடித்திருந்தது. ஐந்து மணிக்கே வீடு இருண்டு, ஈரம் ஏறிய சுவர் பழைய துணி மூட்டையைப் போல் வாடை அடித்தது. குளிர்பதனப் பெட்டி முனகிவிட்டு ஓய்ந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் ஓசையும், அதற்குள் தம்பியின் சீட்டியும், அடுத்த வீட்டுத் தகரத்தில் மழை தட்டுவதும் ஒன்றோடு ஒன்று குழைந்து வந்துகொண்டிருக்க, அக்கா மாமாவின் கடவுச்சொல்லை மாற்றினாள். பதினாறு எழுத்து. எங்கும் எழுதி வைக்கவில்லை, வாய்க்குள் முணுமுணுக்கக்கூட இல்லை. பிறகு அந்த ஒரு மாதத்தை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினாள்.

முதலில் எல்லாம் செய்திக்குத்தான் மறுப்பு. போகப்போக, யாரும் எழுதாத ஒன்றுக்கும் மறுப்பு இருந்தது. ஞாபக மறதிக்குப் புது மருந்து என்ற செய்தியின் கீழே, 'எலியை வைத்து மட்டும் செய்த சோதனை அல்ல' என்று மாமா எழுதியிருந்தார். எலி என்ற பேச்சையே அங்கே யாரும் எடுக்கவில்லை. எடுத்தது அக்கா. காய் நறுக்கிக்கொண்டே, எலிக்குக் கொடுத்துப் பார்த்துட்டு மனுஷனுக்கு விக்கறானுங்க என்று சமையலறையில் வாய்விட்டுச் சொன்னது. கேட்டது தம்பி ஒருவன்தான்.

அவளுக்குக் கோபம் எழுந்தது. கோபத்துக்கு அடியில் ஓர் ஆறுதலும் இருந்தது. அவன்தான். வேறு யாராக இருக்க முடியும்?

"தண்ணி ஓடுது," என்றாள், அறையைப் பார்த்து, சோதனைக்காக, சன்னமாக.

நிலுவைப் பட்டியலில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது.

'ஓடவில்லை.'

கட்டைவிரல் பழக்கத்தில் அனுமதியில் விழுந்தது. குளியலறை ஓசை கத்தரித்தாற்போல் நின்றது. ஒரு சொட்டுகூட இல்லை.

"அக்கா! தண்ணி நின்னுடுச்சு! மேல எல்லாம் சோப்போட நிக்கறேன்!"

"ஃபோன் உள்ளயா வச்சிருக்க?"

"பாட்டு கேக்க வச்சிருக்கேன். ஏன்?"

கெட்டிக்காரன், என்று நினைத்தாள். காது இங்கே, விரல் அங்கே, மற்றக் கை குழாயில். கடவுச்சொல்லை எப்படிப் பிடித்தான் என்பதுதான் புரியவில்லை. கருவிகளோடு வாழ்கிறவன், ஏதோ வழி வைத்திருப்பான்.

துண்டும் சோப்பு நுரையுமாக வெளியே வந்தவனிடம் திரையைக் காட்டினாள். அவன் இரண்டு தடவை படித்தான். சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அக்கா, இது நான் இல்ல."

"ஒத்துக்கோடா. ஒத்துக்கிட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தியமா. வீட்ட விட்டுப் போன்னும் சொல்ல மாட்டேன்."

"செய்யாதத எப்படி ஒத்துக்கறது?"

"அப்ப இது யாரு?"

இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

"சரி," என்றான் தம்பி. உலர்ந்த சட்டையை மாட்டிக்கொண்டு, ஃபோனையும் தன் மடிக்கணினியையும் அவள் முன்னால் வைத்தான். "எல்லாம் உன் கண்ணு முன்னாடி இருக்கு. நான் தெருமுனை வரைக்கும் போயிட்டு வர்றேன். வெளிய பூட்டிக்கிட்டே போறேன், அப்புறம் பூனை மாதிரி உள்ள வந்தேன்னு சொல்லுவ. அப்பவும் மாமா எழுதினா நம்புவியா?"

"நம்புவேன்."

"அப்ப எழுதறது யாருன்னு யோசிச்சியா? அதுக்கு நானே எழுதினதா இருந்தாத் தேவலக்கா. எனக்கே அப்படித் தோணுது."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். "கூட வாயேன். ரெண்டு பேருமே நடந்துட்டு வரலாம்."

"போடா, நாடகம் போடாத."

பூட்டு விழுந்தது. குடை விரியும் ஓசை. படிகளில் அவனுடைய காலடி இறங்கி, மழைக்குள் கரைந்தது. அக்கா எழுந்து போய் உள்தாழ்ப்பாளையும் போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மூன்று கருவிகளும் மேசையில் வரிசையாக இருந்தன. தம்பியின் ஃபோனில் சோப்பு ஈரம் காயவில்லை. மடிக்கணினியின் விசிறி சூடான தூசி வாடையை முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம். மூன்று. பட்டியல் காலியாகவே கிடந்தது.

"அவன்தான்," என்றாள் வாய்விட்டு. அழுகை வந்தது. பூங்காவில் உட்கார்ந்தவன், இன்னும் பூங்காவில்தான் உட்கார்ந்திருக்கிறான். "இத்தனையும் எழுதினது அவன்தான்."

'அவன் அல்ல.'

விரல் விழுந்தது. விழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. விசிறியின் சூடு முகத்தில் பட்டுக்கொண்டே இருக்க, முதுகு மட்டும் சில்லிட்டது. தம்பியின் ஃபோன் இருண்டு கிடந்தது. அவனுடைய மடிக்கணினி மூடிக் கிடந்தது.

மழை ஓங்கியது.

"பாவம்," என்றாள். "தனியா நனைஞ்சுட்டு இருப்பான்."

'தனியாக இல்லை.'

விரல்.

"யாரோட? யாரோட இருக்கான்?"

பதில் இல்லை. மாமாவிடம் கேள்வி கேட்டுப் பயனில்லை என்று அவளுக்கு நினைவு வந்தது. அவரைச் செய்தவளே அவள்தானே. மறுக்க ஒரு வாக்கியம் வேண்டும் அவருக்கு. அது கிடைக்காவிட்டால் அவர் இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். தம்பி வந்துவிடுவான்.

உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் ஏதோ முனகியது. நாற்காலியா, கதவா. திரும்பவில்லை. மேசையின் மேல் அவள் நிழல் சற்றே வெளிறியது போலிருந்தது. விளக்கைப் பார்த்தாள். விளக்கு அப்படியேதான் எரிந்தது.

"இது என் வீடு," என்று கத்திவிட்டாள். "நான் அவனோட அக்கா. இங்க இருக்கறது நான்!"

வரி வந்தது. படித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் முந்திக்கொண்டது.

'இந்த வீட்டில் இருப்பது அவனுடைய அக்கா அல்ல.'

அனுமதிக்கப்பட்டது.

நீக்கு, நீக்கு என்று தேடினாள். பட்டியலில் இப்போது ஒன்றும் இல்லை. விவாத மேடையின் பக்கத்தைத் திறந்தாள். பஸ் செய்தியின் கீழே, நூற்றுப் பதினான்காவதாக, எல்லோரும் பார்க்க நின்றது அது. அதன் கீழே மின்னல் எழுதியிருந்தார்: 'முதல் முறையாக மறுப்பு ஐயாவோடு உடன்படுகிறேன்.' அந்த வயிற்றைக் கலக்கிய பெண்: 'எனக்கும் அப்படித்தான் பட்டது.' பிறகு இன்னொருவர். இன்னொருவர். ஆதாரம் கேட்காதவரே அந்த மேடையில் கிடையாது. இன்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் சண்டை போடவில்லை. 'சரி.' 'சரியே.' 'ஏற்கிறேன்.' இருபது. அறுபது. அனுமதி கேட்காமலே வந்துகொண்டிருந்தன.

அவள் எழுந்தாள். தரை காலில் படுவது தெரியவில்லை.

படிகளில் காலடி.

ஒரு ஜோடி அல்ல. இரண்டு.

கதவின் சின்னக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். மாடிப்படி விளக்கடியில் தம்பி குடையை உதறிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பல நாளாகக் காணாத தெளிவு. அவன் பக்கத்தில் அக்கா. இவள் கட்டியிருந்த அதே பச்சைச் சேலை. நெற்றியில் ஒட்டிய ஈர முடி.

"நீ எழுதலன்னா எழுதலதான்டா," என்றாள் அக்கா. "நான் நம்பறேன்."

"இத அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் நனைஞ்சிருக்க வேண்டாம்ல."

இருவரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பை உள்ளே இருந்தவளுக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகத் தன் தொண்டையில் கேட்ட சிரிப்பு.

சாவி திரும்பியது. கதவு ஒரு நூல் அசைந்து நின்றது. அவள் இரண்டு கையாலும் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டேய், நான்தான்டா, என்று வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

தம்பியின் சிரிப்பு நின்றது. கதவைத் தள்ளினான். மறுபடி தள்ளினான். அவனுக்குப் பின்னால் அக்கா மெல்லத் தலையை நிமிர்த்தி, கண்ணாடித் துளையை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, ஒரு கையைத் தம்பியின் தோளில் வைத்தாள்.

"அக்கா," என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி. "நாம பூட்டிட்டுத்தானே கிளம்பினோம்? உள்ள யாரு?"